நாற்பது வயதுக் கணினியை எழுப்பும் முன்

1980களின் கணினி ஒன்று கைக்கு வந்தால், உடனே பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும். அந்த ஆசையை ஒரே ஒரு நாள் அடக்கி வையுங்கள். கமடோர் 64, ஆப்பிள் 2, ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ, ஐபிஎம் பிசி என எதுவாக இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப்புகள் பெரும்பாலும் இன்னும் நல்லபடியாகவே இருக்கும். வயதானவை அவற்றைச் சுற்றி இருப்பவைதான்: பவர் சப்ளை, பேட்டரி, கனெக்டர்கள், ஃப்ளாப்பி, கேசட், ரிப்பன். அவற்றைப் பார்க்காமல் மின்சாரம் கொடுத்தால், நாற்பது வருஷம் தாக்குப்பிடித்த சிப் ஒரே நொடியில் போய்விடும். அவற்றில் பல இப்போது தயாராவதே இல்லை. அதனால் உங்கள் நேரமும் பணமும் முதலில் சுற்றி இருப்பவற்றுக்குப் போகட்டும்.

மேசையில் என்னென்ன வேண்டும்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். பஞ்சுக் குச்சிகள், மென்மையான பிரஷ், வெள்ளை அழிரப்பர், சிறிய டார்ச். பேட்டரி கசிந்திருந்தால் வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேமரா. எந்த ஒயரைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு இருக்கும் என்று நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் இருக்கும். அந்தக் காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் அது கரையும். தின்னரும் வேண்டாம். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயைக் கனெக்டர்களில் அடிக்கவும் வேண்டாம்.

முதலில் மின்சாரம்

பெட்டியின் பின்புறம் பாருங்கள். 115, 230 என்று மாற்றும் சின்னச் சுவிட்ச் இருக்கலாம், அல்லது ஒரே ஒரு வோல்டேஜ் மட்டும் அச்சிட்டிருக்கலாம். வேறு நாட்டிலிருந்து வந்த கணினி என்றால் இங்கேயே பாதிப் பேர் தவறு செய்கிறார்கள்.

வெளியே தனி அடாப்டர் இருக்கும் கணினிகளில் கமடோர் 64-ஐத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 1982-ல் வந்த இந்தக் கணினிக்கு 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் ஒரே அடாப்டரிலிருந்து வருகின்றன. உள்ளே எபாக்ஸி ஊற்றி மூடியிருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. வயதாகி, உள்ளே வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கெடும்போது 5 வோல்ட் குறைவதில்லை, ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் முதலில் பலியாவது மெமரி சிப்புகள். ஆகவே கணினியில் செருகும் முன் அடாப்டரைத் தனியாக அளந்து பாருங்கள். எந்த முனை எது என்று வரைபடத்தில் உறுதி செய்துகொண்டு மல்டிமீட்டரை டிசியில் வையுங்கள். 4.75-லிருந்து 5.25 வரை காட்டினால் சரி. அதற்கு மேல் போனால் அந்த அடாப்டரைத் தள்ளி வைத்துவிடுங்கள். முதல் நிமிஷத்தில் 5.0 என்று காட்டிவிட்டு, சூடானபின் ஏறுகிறவையும் உண்டு. எனவே நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: பழைய அடாப்டரை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுவதற்குப் புதிதாகச் செய்த ஒன்றை வாங்குங்கள். இந்தப் பட்டியலில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்பெக்ட்ரத்தில் பிரச்சினை வேறு. அதற்கு 9 வோல்ட் டிசி போதும், ஆனால் பிளக்கின் நடுமுனை மைனஸ். இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். பிளக் அழகாகப் பொருந்தும், கணினி போய்விடும்.

பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கும் கணினிகளில் வேறொரு ஆபத்து. பிபிசி மைக்ரோ, ஆப்பிள் 2 வகைகளின் பவர் சப்ளைகளில் ரிஃபா என்று எல்லோரும் சொல்லும் கெப்பாசிட்டர் இருக்கும். மஞ்சள் நிறக் கண்ணாடி போன்ற சிறு கட்டி. டார்ச் அடித்துப் பார்த்தால், வற்றிய குளத்துச் சேறு போல மேலெல்லாம் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். அந்த வெடிப்புகள் வழியாக வருஷக்கணக்கில் ஈரம் போய், உள்ளே சுற்றியிருக்கும் தாளில் ஊறியிருக்கும். மின்சாரம் கொடுத்தால் சில நிமிஷத்திலோ சில நாளிலோ வெடித்து, அறை முழுக்கப் புகையும் பொறுக்க முடியாத நாற்றமும் பரவும். நல்ல செய்தி என்னவென்றால், அது மின் இரைச்சலை வடிகட்டும் உறுப்புதான். அது வெடித்தாலும் கணினி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முன்கூட்டியே எடுத்துவிட்டு, அதே மதிப்பில், எக்ஸ்2 என்று குறியிட்ட பாலிப்ரோப்பிலீன் கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது.

பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பழைய மானிட்டர்களின் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். இந்த இரண்டையும் திறந்து பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பேட்டரி இருக்கிறதா

கமடோர் 64, ஸ்பெக்ட்ரம் போன்றவற்றில் அணைத்தபின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது, பேட்டரியும் கிடையாது. இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். 286, 386 சிப் கொண்ட பிசிகளின் மதர்போர்டுகள், கமடோரின் அமிகா 2000, அமிகா 500 பிளஸ் வைத்திருப்பவர்கள் இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள். நீலமோ பச்சையோ சுற்றிய, சிறு பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது கசியும். ‘கசியலாம்’ என்று சொல்லும் காலம் தாண்டிவிட்டது. கசிந்த காரம் செம்புப் பாதைகளைத் தின்றுகொண்டே பரவும், அருகில் இருக்கும் சாக்கெட்டுகள் பச்சை பூத்துவிடும்.

செய்ய வேண்டியது: பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். பச்சை பூத்த இடத்தில் பஞ்சுக் குச்சியால் வினிகரைத் தொட்டுத் தேயுங்கள். காரமும் அமிலமும் சேர்ந்து நுரைப்பது அடங்கும்வரை தேய்த்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, அப்புறம் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வினிகர் தங்கிவிட்டால் அதுவும் அரிக்கும், ஆகவே கழுவுவதில் அவசரம் கூடாது.

ஒரு சின்ன விஷயம். 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி வகைக் கணினி திரையில் 161 என்று காட்டி நின்றால், போர்டு செத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். கடிகாரப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது.

தொடுமுனைகள்

பழைய கணினியில் ‘சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை’ என்றால், முதல் சந்தேகம் தொடுமுனைகள் மீதுதான் வர வேண்டும். அந்தக் காலத்தில் பல சிப்புகளைச் சாக்கெட்டில்தான் செருகுவார்கள். கணினி ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் சிப் மயிரிழை அளவுக்கு மேலே நகரும். வருஷங்கள் போகப் போக ஏதோ ஒரு கால் சாக்கெட்டை விட்டுவிடும். 1980-ல் வந்த ஆப்பிள் 3-ல் இந்தத் தொல்லை பெரிதாகிப் போனது. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் விழவிடுங்கள், சிப்புகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அளவுக்குப் போனது. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டின் அடியில் ஒரு கையை முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு சிப்பையும் இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலால் சமமாக அழுத்துங்கள். ‘கிறிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், அதுதான் வெளியே வந்திருந்த சிப்.

கார்ட்ரிட்ஜ் (நிரல் அடங்கிய, செருகும் பெட்டி), விரிவாக்கக் கார்டு ஆகியவற்றின் விளிம்பில் இருக்கும் பொன்னிறப் பட்டைகளை வெள்ளை அழிரப்பரால் மென்மையாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, ஆல்கஹாலால் துடைத்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் தங்கப்பூச்சே போய்விடும். கணினி ஓடும்போது கார்ட்ரிட்ஜைச் செருகுவதும் எடுப்பதும் கூடவே கூடாது. ஜாய்ஸ்டிக், டிரைவ் கேபிள்களுக்கும் அதே விதி.

சின்க்ளேர் இசட்எக்ஸ் 81 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. உள்ளே இருக்கும் மெமரி 1 கிலோபைட்தான், அதனால் பின்னால் 16 கிலோபைட் பெட்டி ஒன்றைச் செருகுவார்கள். கீபோர்டைக் கொஞ்சம் அழுத்தி அடித்தாலே பெட்டி ஆடி, கணினி தொடக்கத்துக்குப் போய்விடும். ஒரு மணி நேரம் அடித்த நிரல் போனது போனதுதான். பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில், களிமண் போலப் பிசைந்து ஒட்டி எடுக்கக்கூடிய புளூ டாக் வைத்து இறுக்குவது அந்தக் காலத்து வழி. இன்றும் அதுவே போதும்.

அப்புறம், ஒரே மாதிரி இருக்கும் பிளக்குகள். இதில் ஏமாறாதவர் குறைவு. ஐபிஎம் எக்ஸ்டி கீபோர்டுக்கும் ஏடி கீபோர்டுக்கும் ஒரே ஐந்து முனைப் பிளக், ஆனால் ஒன்று மற்றதில் வேலை செய்யாது. சில கீபோர்டுகளின் அடியில் எக்ஸ், ஏ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், திருப்பிப் பாருங்கள். இது பரவாயில்லை, எதுவும் கெடாது. மானிட்டர் விஷயம் அப்படியில்லை. ஐபிஎம்மின் மோனோகுரோம் கார்டும் வண்ணக் கார்டும் ஒரே ஒன்பது முனைக் கனெக்டரைத்தான் வைத்திருக்கின்றன. மோனோகுரோம் மானிட்டர் எதிர்பார்க்கும் கிடை அதிர்வெண் 18.4 கிலோஹெர்ட்ஸ், வண்ணக் கார்டு அனுப்புவது 15.7. மாற்றிச் செருகினால் மானிட்டரே எரியக்கூடும். பிளக் பொருந்துகிறது என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கேபிளிலும் ஒரு சீட்டு ஒட்டி, எதற்கு எது என்று எழுதி வையுங்கள்.

சரி, இப்போது சுவிட்ச்

முதலில் மானிட்டர், பிரிண்டர், டிரைவ். கடைசியில் கணினி. டிரைவில் ஃப்ளாப்பி எதுவும் இருக்கக் கூடாது. ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும், ஃப்ளாப்பியில் படித்து எழுதும் டிரைவின் தலையில் மின்னோட்டம் துள்ளினால், உள்ளே இருக்கும் ஃப்ளாப்பி பாழாகலாம்.

கமடோர் 64 நீலத்திரையில் 38911 பைட்டுகள் மீதம் இருப்பதாகக் காட்டினால் நலம். 64 கிலோபைட் கணினியில் மீதி எங்கே போயிற்று என்று புதியவர்கள் கேட்பார்கள். எங்கும் போகவில்லை, நிரல் எழுதும் பேசிக் மொழிக்குக் கிடைக்கும் பங்கு அவ்வளவுதான். 1981-ல் வந்த ஐபிஎம் பிசி மெமரியைச் சோதித்துவிட்டு ஒரே ஒரு குறுகிய பீப் கொடுத்தால் நலம். அதுவரை திரை வெறுமையாகக் கிடக்கும். மெமரி அதிகம் இருந்தால் கணிசமான நேரம் ஆகும், பொறுத்திருங்கள். திரையில் எண் வந்தால் கோளாறு: 201 என்றால் மெமரி, 301 என்றால் கீபோர்டு, 601 என்றால் ஃப்ளாப்பி. 301 வந்தால், முதலில் ஏதாவது ஒரு பொத்தான் அமுங்கியபடி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிசியில் மெமரி கார்டு புதிதாகச் செருகினால் போர்டில் இருக்கும் சிறு டிப் சுவிட்சுகளையும் மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மெமரி இருப்பதே கணினிக்குத் தெரியாது.

ஆப்பிளின் டிஸ்க் 2 டிரைவும் கமடோரின் 1541 டிரைவும் போடும் சத்தம் புதியவரைக் கலங்கடிக்கும். தடதடவென்று ஏதோ உடைவது போல இருக்கும். தலை இப்போது எந்தத் தடத்தில் நிற்கிறது என்று சொல்லும் உணரி அந்த டிரைவுகளில் இல்லை. அதனால் தலையை ஓரத் தடுப்பில் மோதும்வரை பின்னுக்குத் தள்ளி, அதையே தொடக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்கின்றன. அந்தச் சத்தம் இயல்பானதுதான்.

ஃப்ளாப்பி

பழைய ஃப்ளாப்பிகள் நிறைந்த பெட்டி கிடைத்தால், எதையும் டிரைவில் போடும் முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் வலி நிறைந்தது. பத்து ஃப்ளாப்பிகள் கொண்ட பெட்டி ஒன்று கிடைத்தது. முதலாவதைப் போட்டேன், படிக்கவில்லை. ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய உராய்வுச் சத்தம் மட்டும். டிரைவுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து இரண்டாவதைப் போட்டேன். அதே சத்தம். எடுத்துப் பார்த்தபோது இரண்டின் நீள்வட்ட ஜன்னலிலும் வளையம் வளையமாகக் கீறல், அடியில் இருக்கும் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது. முதல் ஃப்ளாப்பியில் பூஞ்சை. அது தலையில் ஒட்டிக் கெட்டியாகி, சுத்தமாக இருந்த இரண்டாவதைச் சுரண்டிவிட்டது. அந்த இரண்டாவதில் யாரோ ஒருவர் எழுதிய நிரல்கள் இருந்தன, சீட்டில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருந்தன. வேறெங்கும் பிரதி இருந்திருக்காது.

ஆகவே நடுத்துளையில் விரல் வைத்து மெல்லச் சுழற்றியபடி ஜன்னல் வழியே பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளியோ மங்கலான வட்டமோ தெரிந்தால் தனியே வைத்துவிடுங்கள். சுத்தமானவற்றை மட்டும் போடுங்கள். ஒரு ஃப்ளாப்பி உராய்ந்தால், அடுத்ததைப் போடும் முன் டிரைவின் தலையைத் துடையுங்கள். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியை மெல்ல ஒற்றி எடுத்தால் பழுப்பு நிறத் தூள் வரும். தூள் வருவது நிற்கும்வரை ஒற்றுங்கள். இருபக்க டிரைவில் மேல்தலையைத் தூக்கும்போது அரை விரல் உயரம்கூட வேண்டாம், அதைத் தாங்கும் தகடு மிக மெல்லியது.

படிக்கக் கிடைத்த முதல் வாய்ப்பிலேயே நகல் எடுங்கள். விளையாடிப் பார்ப்பது அப்புறம்.

வெற்று ஃப்ளாப்பி வாங்கும்போது அடர்த்தியைக் கவனியுங்கள். ஐந்தேகால் அங்குலத்தில் 360 கிலோபைட் வகையும் 1.2 மெகாபைட் வகையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் பூச்சின் காந்த இயல்பு வேறு. 360 வகையில் எளிதில் காந்தமாகும் பூச்சு, 1.2 வகையில் ஏறத்தாழ இரு மடங்கு பலம் கேட்கும் பூச்சு. கமடோரிலோ ஆப்பிளிலோ 1.2 மெகாபைட் ஃப்ளாப்பியைப் போட்டால் பதிவு ஒழுங்காக நிற்காது. இரட்டை அடர்த்தி என்று எழுதியதையே வாங்குங்கள். இன்னொரு கண்ணி: 1.2 மெகாபைட் டிரைவில் எழுதிய 360 கிலோபைட் ஃப்ளாப்பியைப் பழைய 360 டிரைவ் பல நேரம் படிக்காது. புதிய டிரைவின் தலை பாதி அகலத் தடம்தான் போடும். பழைய தலை அந்த ஒல்லித் தடத்தோடு அருகில் அழியாமல் கிடக்கும் பழைய பதிவையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பிவிடும்.

எழுதவிடாமல் பூட்டுவதில் இரண்டு அளவுகளும் எதிரெதிர். ஐந்தேகால் அங்குலத்தில் ஓர வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் பூட்டு. மூன்றரை அங்குலத்தில் சிறு ஜன்னல் திறந்திருந்தால் பூட்டு. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியின் சீட்டில் எழுத வேண்டுமென்றால், சீட்டை ஒட்டும் முன் எழுதுங்கள். ஒட்டியபின் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் உள்ளே இருக்கும் தட்டில் பள்ளம் விழும்.

கேசட்

நிரல்களைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் கேசட்டில் பதிந்து வைக்க, நீளம் குறைந்த சாதாரண ஃபெரிக் (இரும்பு ஆக்சைடு பூசிய) கேசட்டே நல்லது. 90 நிமிஷக் கேசட்டின் நாடா மெல்லியது, நீண்டுவிடும். நாடாவின் தொடக்கத்தில் சில நொடிகளுக்குக் காந்தப் பூச்சே இல்லாத பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதைத் தாண்டிச் சுற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் அணைந்திருக்கட்டும். பதிந்தபின், பதிவு சரியா என்று சோதிக்கும் வெரிஃபை கட்டளையைத் தவிர்க்காதீர்கள்.

கேசட்டிலிருந்து நிரலை ஏற்றும்போது, ஸ்பெக்ட்ரத்தில் திரை ஓரத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த பட்டைகள் சீராக ஓட வேண்டும், அப்புறம் நீலமும் மஞ்சளுமாக மெல்லிய பட்டைகள். முதல் பட்டைகளே வரவில்லை என்றால் ஒலியைக் கூட்டுங்கள், முக்கால் அளவு பெரும்பாலும் சரியாக இருக்கும். வந்தும் ஏற்றம் நடுவில் நின்றால், டேப் ரெக்கார்டர் தலையின் சாய்வு மாறியிருக்கும். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு திருகை, ஒலி மிகத் தெளிவாக, கூர்மையாகக் கேட்கும்வரை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். திருப்பும் முன் அது நின்ற நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டர்

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் ரிப்பன் காய்ந்திருந்தால் முத்திரை மை ஊற்ற வேண்டாம். ரிப்பன் மையில் ஊசிகளுக்கு வழுவழுப்புத் தரும் எண்ணெய் உண்டு, முத்திரை மையில் அது இல்லை. ஊசிகள் சிக்கிவிடும். ரிப்பனுக்கென்றே விற்கும் மை வாங்குங்கள், அல்லது காற்றுப் புகாமல் மூடிய புது ரிப்பன். வரிகளெல்லாம் ஒரே வரியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால், அல்லது ஒவ்வொரு வரிக்கும் பின் ஒரு வெற்று வரி வந்தால், எதுவும் பழுதில்லை. அடுத்த வரிக்கு நகர்த்துவது பிரிண்டரா கணினியா என்பதில்தான் குழப்பம். பிரிண்டருக்குள் அதற்கொரு டிப் சுவிட்ச் இருக்கும். தாளை நகர்த்தும் குமிழை மின்சாரம் இருக்கும்போது கையால் திருப்பாதீர்கள். நிறைய அடித்தபின் தலையைத் தொடாதீர்கள், சுடும்.

எடுத்து வைக்கும்போது

வேறு இடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால், ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில், தலைகளை ஒதுக்கி நிறுத்தும் பார்க் கட்டளை கொடுத்துவிட்டு ஆஃப் செய்யுங்கள். அந்தக் காலத்து டிஸ்குகள் பலவற்றில் தலைகள் தாமாக ஒதுங்கிக்கொள்ளாது, தட்டின் மேலேயே நிற்கும். ஒரு குலுக்கலில் பதிவு போய்விடும். ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தால் கீபோர்டிலிருந்து வரும் இரண்டு நாடாக்களை மடக்காதீர்கள், வயதாகி மொறுமொறுப்பாகியிருக்கும். ஐந்தேகால் அங்குல டிரைவுக்குள், அந்த அளவுக்கு வெட்டிய அட்டை ஒன்றைச் செருகிக் கதவை மூடுங்கள். இரு தலைகளும் ஒன்றோடொன்று மோதாமல் அது தடுக்கும். அட்டையின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், அடுத்த முறை சுவிட்சைப் போடும் முன் கண்ணில் படும்.